எட்டு மாத ஊழியம்: வண. வில்லியம் ஓல்ட் அடிகளார்

மட்டக்களப்புக்கு வந்துபோகும் எம் பழைய மாணவிகளில் பெரும்பாலானோர் புளியந்தீவின் வாவிக்கரையிலுள்ள மட்டக்களப்பு வாயிலைக் கண்டிருப்பர். 1814ஆம் ஆண்டு வண. வில்லியம் ஓல்ட் அடிகளார் கரையிறங்கிய இடம் இதுவென்று எம்மூரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அவருக்கு அங்கே சிலையும் உண்டு. பள்ளிப் பருவத்தில் அவருடைய பெயரை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பரிசளிப்பு விழா அறிக்கையில் முதல் வரியில் வரும். இரண்டாவது வரியில் கட்டிடங்களும் பெறுபேறுகளும் வந்துவிடும். அந்த முதல் வரிக்குள் இருந்த மனிதரைப் பற்றி நாம் அறிந்துகொண்டது மிகக் குறைவே.

எமது சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவுசெய்யும் இவ்வேளையில் அவருடைய வாழ்வை மீண்டும் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. மெதடிஸ்த திருச்சபையில் நற்செய்திப் பணி குன்றிவிட்டது என்ற கவலை சில காலமாகவே எம்மிடையே பேசப்படுகிறது. ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும் மூத்தோரும் பேசுகின்றனர். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழும் எம் சகோதரிகளும் பேசுகின்றனர். அந்தப் பணி இந்த மண்ணில் எப்படித் தொடங்கியது என்று அறியாமல், அது குன்றியதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

கதை கடலில் தொடங்குகிறது. ஜோன் வெஸ்லியின் உடனூழியரான வண. தோமஸ் கோக் அட்லாண்டிக் கடலை 18 முறை கடந்தவர். அறுபது வயதைத் தாண்டிய பின்னரும் ஆசியாவுக்கு ஊழியரை அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1813இல் லிவர்பூலில் கூடிய மெதடிஸ்த மகாநாட்டில் அவர் அனுமதி வேண்டினார். செலவைக் காரணம் காட்டிப் பலர் தயங்கியபோது, 6,000 பவுண் வரை தமது சொந்தப் பணத்திலிருந்து தருவதாக முன்வந்தார். மகாநாடு இணங்கியது. இலங்கைக்கெனத் தெரிவுசெய்யப்பட்ட இளம் போதகர்களுள் ஒருவர் வில்லியம் ஓல்ட். அவர் மணமானவர், மனைவியையும் உடன் அழைத்துக்கொண்டு புறப்பட்டார்.

1813 டிசம்பர் இறுதியில் போர்ட்ஸ்மத்திலிருந்து அவர்கள் பயணமாயினர். கோக் சென்ற கப்பல் கபால்வா. ஓல்ட் தம்பதியர் சென்றது லேடி மெல்வில். பயணம் தொடங்கிச் சில வாரங்களிலேயே ஓல்ட் அடிகளாரின் மனைவி நோயுற்றுக் கப்பலிலேயே இறந்தார். அவருடைய உடல் கடலில் அடக்கம் செய்யப்பட்டது. இலங்கை என்ற தீவை அந்த அம்மையார் காணவேயில்லை. மட்டக்களப்பின் மெதடிஸ்த வரலாற்றில் முதலில் உயிரை விட்டவர் ஒரு பெண் என்பதைப் பெண்கள் பாடசாலையொன்றின் மலரில் பதிந்து வைப்பது எமது கடமை.

துயரம் அத்தோடு நிற்கவில்லை. 1814 மே 3ஆம் திகதி காலை கோக் அடிகளார் தமது அறையில் இறந்து கிடந்தார். அவரும் இந்து சமுத்திரத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவரோடு குழுவின் தலைமையும் போயிற்று. செலவுக்கான பணத்தைப் பெறும் வழியும் அடைபட்டது. மே 21ஆம் திகதி பம்பாயில் இறங்கியபோது, முன்னே தெரியாத நாடும் பின்னே திரும்பிச் செல்ல நல்ல காரணமும் அந்த இளைஞர்களுக்கு இருந்தன. பம்பாயில் வாழ்ந்த ஆங்கிலேயர் சிலர் நம்பிக்கை வைத்துப் பண உதவி செய்தனர். அவர்கள் திரும்பிச் செல்லவில்லை.

1814 ஜூன் 29ஆம் திகதி காலித் துறைமுகத்தை அடைந்தனர். இலங்கை மெதடிஸ்த திருச்சபை தனது பிறந்தநாளாகக் கொள்வது அந்நாளையே. ஆளுநர் சேர் ரொபட் பிரவுன்றிக் அவர்களை ஆதரவோடு ஏற்றுக்கொண்டார். முக்கிய ஊர்களில் ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளிக்கூடங்களை நடத்தினால் அரசாங்கம் படி வழங்கும் என்று அறிவித்தார். கையில் பணமில்லாத அவர்களுக்கு அது பெரும் உதவி. ஆனால் பள்ளிக்கூடத்தைப் பிழைப்புக்கான வழியாக மட்டும் அவர்கள் பார்க்கவில்லை. ஊருக்குள் நுழைய அதுவே நல்ல வாசல் என்று கண்டுகொண்டனர்.

ஜூலை 11ஆம் திகதி காலியில் தமக்குள் கூடிப் பணித்தளங்களைப் பங்கிட்டனர். தமிழ்ப் பகுதிகளாக யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும், சிங்களப் பகுதிகளாகக் காலியும் மாத்தறையும் தெரிவாயின. லிஞ்ச், ஸ்குவான்ஸ் இருவரும் யாழ்ப்பாணத்துக்குச் சென்றனர். கிளஃப் காலியில் தங்கினார். அர்ஸ்கின் மாத்தறைக்குப் போனார். மட்டக்களப்புக்கு ஓல்ட் தனித்துப் போனார். மனைவியை இழந்து அரையாண்டு கூட ஆகாதவருக்கு, உடன் ஊழியர் எவருமற்ற தளம் கிடைத்தது. தரைவழி கடினமாயிருந்த அக்காலத்தில் நாட்டுப் படகொன்றில் கிழக்குக் கரையோரமாக வந்து சேர்ந்தார்.

அவர் கண்ட மட்டக்களப்பை நாம் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். புளியந்தீவில் கோட்டையும் அதனுள் சிறு படையும் இருந்தன. வாவியின் இரு பக்கமும் சிதறிய ஊர்கள். ஊருக்கு ஊர் கோயில்கள், பள்ளிவாசல்கள். எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் போகத் தோணியே கதி. ஒல்லாந்தர் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றோர் இலங்கையின் தமிழ்ப் பகுதிகளில் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அரச உத்தியோகமும் பதவியும் பெற அது வேண்டியிருந்தது. ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் நீங்கியதும் அவர்களிற் பெரும்பாலோர் முன்னைய வழிபாட்டுக்கே திரும்பினர். பயனுக்காக ஏற்ற சமயம் பயன் தீர்ந்ததும் உதிர்ந்தது. பதிவேட்டில் இருந்த எண்ணிக்கை மனத்தில் இருக்கவில்லை. இந்த வரலாற்றுக்குப் பிறகு வந்தவர் ஓல்ட். அவர் கையில் பதவியும் இல்லை, கொடுக்கப் பணமும் இல்லை.

கோட்டையிலிருந்த படையினருக்கு அவர் ஆங்கிலத்தில் ஆராதனை நடத்தினார். அதோடு நின்றிருந்தால் அவரைக் குறைசொல்ல எவரும் இருக்கமாட்டார்கள். ஆனால் அவர் தமிழ் கற்கத் தொடங்கினார். மொழி வரும்வரை காத்திராமல் மொழிபெயர்ப்பாளர் துணையோடு ஊர்மக்களிடம் பேசினார். பள்ளிக்கூடங்களைத் திறந்தார். எட்டு மாதங்களில் எட்டுப் பள்ளிக்கூடங்கள் என்பது எம்மூரில் வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த வேரிலிருந்து வளர்ந்ததே இன்று 1814ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொண்டாடும் மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1820இல் தொடங்கிய பெண் கல்விப் பணியும் அதே வேரின் கிளைதான். வின்சன்ட் மகளிர் உயர்தரப் பாடசாலை அதற்குச் சாட்சி.

உடல்நிலை அவருக்கு ஒத்துழைக்கவில்லை. 1815 ஏப்ரல் 1ஆம் திகதி ஓல்ட் அடிகளார் மட்டக்களப்பில் காலமானார். வந்து எட்டு மாதங்களே ஆகியிருந்தன. அவருடைய வருத்தத்தை வைத்தியர் என்ற முறையில் எண்ணும்போது மனம் கனக்கிறது. நெஞ்சைக் கேட்டுப் பார்க்கும் ஸ்டெதஸ்கோப் பிரான்சில் உருவானது 1816இல். காய்ச்சலுக்குரிய குயினைனைப் பட்டையிலிருந்து பிரித்தெடுத்தது 1820இல். மலேரியாக் கிருமியை நுணுக்குக்காட்டியில் கண்டது 1880இல். காசநோய்க் கிருமியைக் கண்டது 1882இல். நோய் எதுவாயினும் அதை அறியவும் தணிக்கவும் அன்று இருந்த வழிகள் மிகக் குறைவு. தலைமாட்டில் இருக்க உறவினரும் இல்லை.

அதற்கு ஒரு மாதம் முன்னர், 1815 மார்ச் 2ஆம் திகதி, கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாகி இலங்கையின் கடைசி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானது. நாடு முழுவதும் அதைப் பற்றிப் பேசிய நாட்களில், வாவியோரத்தில் ஒரு போதகரின் மரணம் பெரிய செய்தியாக இருந்திராது. அவருக்குப் பின் ஒருவர் வந்து பொறுப்பேற்கவும் காலம் சென்றது. உடன் வந்தவர்களுள் கிளஃப் சிங்கள அகராதி தந்தார். ஹாவார்ட் இப்பணியின் வரலாற்றை நூலாக எழுதினார். ஓல்ட் எழுதிவைத்த நூலென்று எதுவும் இல்லை. அவர் கட்டிய பெரிய கட்டிடமும் இல்லை. எத்தனை பேர் அவர் மூலம் கிறிஸ்தவரானார்கள் என்று பெருமையோடு காட்டக்கூடிய எண்ணிக்கையும் இல்லை.

ஆண்டறிக்கையின் அளவுகோலால் பார்த்தால் ஓல்ட் அடிகளாரின் ஊழியம் தோல்வி என்றே கணிக்கப்படும். அப்படியானால் இரண்டு நூற்றாண்டுகளாக நாம் ஏன் அவரை நினைக்கிறோம்? அவர் வந்தார் என்பதற்காகவே நினைக்கிறோம். கேட்டு வருபவருக்காகக் காத்திருக்காமல், கேட்காதவரிடம் போனார். போன இடத்து மொழியைக் கற்றார். அந்த இடத்திலேயே மடிந்தார். நற்செய்திப் பணி என்பதன் முழுப் பொருளும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது என்று நாம் கருதுகிறோம்.

அவருக்குப் பின் வந்தோரிலும் இதே இயல்பைக் காணலாம். 1830களிலும் 40களிலும் மட்டக்களப்பில் பணிசெய்த வண. ரல்ஃப் ஸ்டொட் தமிழில் பிரசங்கித்து ஊரூராகத் திரிந்தார். காடுகளில் வாழ்ந்த வேடரிடமும் போனார். பின்னர் 1862இல், தென்னாபிரிக்காவின் நேட்டால் பகுதியில் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியரிடையே ஊழியம் செய்ய ஒருவர் தேவைப்பட்டபோது, அவர் முதுமையில் டர்பனுக்குச் சென்றார். மட்டக்களப்பில் கற்ற தமிழே அங்கே அவருக்குக் கைகொடுத்தது. உள்ளூரிலும் அப்படியே. உபதேசிமார் கால்நடையாகப் போனார்கள். வேதாகமப் பெண்கள் என்று அழைக்கப்பட்ட எம் முன்னோடிகள், ஆண்கள் நுழைய முடியாத உள்வீடுகளுக்குள் சென்று பாய்விரித்து இருந்து, எழுத்தும் சொல்லிக்கொடுத்தார்கள், வேதமும் சொல்லிக்கொடுத்தார்கள்.

பிறகு என்ன நடந்தது? ஒரே நாளில் எதுவும் நின்றுவிடவில்லை. பள்ளிக்கூடங்கள் பெருகின, அவற்றை நடத்துவதே பெரும் வேலையாயிற்று. 1960இல் அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது, ஊருக்குள் நுழையும் அந்தப் பழைய வாசல் திருச்சபையின் கையை விட்டுப் போயிற்று. 1964இல் இலங்கை மெதடிஸ்த திருச்சபை தன்னாட்சி பெற்றது. அது பெருமைக்குரிய நாள். ஆயினும் அனுப்பும் பொறுப்பும் செலவுப் பொறுப்பும் இனி எம்முடையவை என்பதும் அந்நாளிலேயே உறுதியாயிற்று. அடுத்து 1978இன் சூறாவளி, முப்பது ஆண்டுகாலப் போர், 2004இன் கடற்கோள். ஒவ்வொரு முறையும் இடிந்ததைக் கட்டுவதே முதல் வேலையானது. படித்தோர் பலர் கடல்கடந்து போயினர். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின்னர், வாசலைத் திறந்து வைக்கவே தேவாலயங்கள் அஞ்சிய நாட்களும் இருந்தன.

எம்மிடம் போதகரை அனுப்பிய இங்கிலாந்திலும் நிலைமை வேறல்ல. 1932இல் அங்குள்ள மெதடிஸ்த பிரிவுகள் ஒன்றிணைந்தபோது 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட அங்கத்தவர் இருந்தனர். இன்று 2 இலட்சத்தையும் எட்டாது. 1739இல் பிரிஸ்டலில் சுரங்கத் தொழிலாளரிடையே திறந்த வெளியில் பிரசங்கிக்கத் துணிந்த வெஸ்லியின் வழிவந்தோர், அழகிய கட்டிடங்களுக்குள் வருபவரை எதிர்பார்த்து இருக்கலாயினர். ஆகவே இது மட்டக்களப்புக்கு மட்டும் வந்த வருத்தமன்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர்; பெரும்பான்மையோர் இந்துக்கள், நான்கிலொரு பங்கினர் முஸ்லிம்கள், கிறிஸ்தவர் பத்தில் ஒரு பங்கும் இல்லை. எம் பழைய மாணவிகளின் நிலையும் ஏறத்தாழ அதுவே. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், திங்கட்கிழமை காலை பாடசாலையில் கீதம் பாடியவர்கள் எம்மில் எத்தனை பேர்! நற்செய்திப் பணி என்ற சொல்லைக் கேட்டதும் சிலருக்கு மனம் சுருங்குவதை நாம் அறிவோம். போராலும் கடற்கோளாலும் எல்லாவற்றையும் இழந்து நின்றவர்களிடம், உதவிப் பொதியோடு சமயத்தையும் சேர்த்துக் கொடுத்த குழுக்கள் இருந்தன என்ற குறையை ஊர்களில் இன்றும் கேட்கலாம். பசித்தவனிடம் சோற்றைக் காட்டிப் பெயரை மாற்றச் சொல்வது நற்செய்தி ஆகாது. ஒல்லாந்தர் காலத்துப் பதிவேட்டுக்கு நேர்ந்த கதியே அதற்கும் நேரும்.

இந்த அவப்பெயருக்கு அஞ்சியே மெதடிஸ்தர் பலர் வாய்மூடி இருக்கின்றனர். அந்த அடக்கத்தில் நன்மை இருக்கிறது. அயலாரின் கோயிலை மதித்தல், கல்வியையும் சேவையையும் எவரிடமும் விலை பேசாது கொடுத்தல் ஆகியன எம் பாடசாலைகள் எமக்குத் தந்த நற்பண்புகள். ஆனால் அடக்கம் எங்கே முடிகிறது, சோம்பல் எங்கே தொடங்குகிறது என்பதை ஆராய வேண்டியிருக்கிறது. வற்புறுத்தக் கூடாது என்று சொல்லிப் போகாமலே விடுவது, தவறான மருந்து கொடுத்துவிடக் கூடாது என்று சொல்லி நோயாளியைப் பார்க்காமலே விடுவதற்கு ஒப்பானது.

வாழைச்சேனைப் பகுதியில் வைத்தியத் தொழில் செய்யும் எமக்கு இதை விளக்க எம் துறையே உதவுகிறது. தாய்மாரும் சிசுக்களும் இறப்பதைக் குறைத்ததில் இலங்கை உலகின் பாராட்டைப் பெற்ற நாடு. அதை வைத்தியசாலைகள் மட்டும் சாதிக்கவில்லை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது முதல், வீடுவீடாகப் போகும் மருத்துவிச்சியை இந்த நாடு நம்பியது. கர்ப்பிணி வைத்தியசாலைக்கு வரும்வரை அவர் காத்திருப்பதில்லை. பெயரைப் பதிவேட்டில் எழுதி, படலையைத் திறந்து, திண்ணையில் இருந்து, அந்த வீட்டுப் பேச்சிலேயே பேசி, அடுத்த மாதமும் வருவார். எவரையும் வற்புறுத்துவதில்லை, எவரையும் விட்டுவிடுவதுமில்லை. அவர் வரவு நின்றால், எவ்வளவு பெரிய வைத்தியசாலை கட்டினாலும் தூரத்து வீடுகளில் மரணம் கூடும். வெளிக்களப் பணி நின்ற வைத்தியசாலைக்கும், நற்செய்திப் பணி நின்ற திருச்சபைக்கும் வேறுபாடு அதிகமில்லை. இரண்டிலும் கதவு திறந்திருக்கும், விளக்கு எரியும், வழக்கமாக வருபவர்கள் வருவார்கள்.

வாழைச்சேனையிலிருந்து வடக்கே பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி வரை போகும் பாதையில் இன்றும் தமிழ் பேசும் கரையோர வேடர் வாழ்கின்றனர். மேற்கே வாவிக்கும் ஆற்றுக்கும் அப்பால் உள்ள ஊர்களில், மாரி வெள்ளம் வந்தால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வழியில்லை. காகித ஆலையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் அது நின்ற நாளில் பட்ட பாட்டை எம்மூரார் மறக்கவில்லை. குடிக்கு அடிமையான கணவன், வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போன தாய், பேத்தியாரிடம் வளரும் பிள்ளைகள் என்று எத்தனை வீடுகள்! ஓல்ட் அடிகளார் இன்று வந்திறங்கினால், இந்த வீடுகளின் படலையில்தான் அவரைக் காணலாம். அவர் முதலில் உட்கார்ந்து கேட்பார். பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். ஏன் வந்தீர் என்று கேட்டால், தம்மை அனுப்பியவர் யார் என்பதை ஒளிக்காமல் சொல்லுவார். ஏற்பதும் மறுப்பதும் கேட்டவரின் உரிமை. மறுத்த வீட்டுக்கும் அடுத்த வாரம் போவார். இந்த ஒளிக்காமல் சொல்லும் துணிவும், மறுத்தபின்னும் போகும் அன்பும் சேர்ந்திருப்பதே நற்செய்திப் பணி. ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்ததனாலேயே ஒரு பக்கம் அவப்பெயரும் மறுபக்கம் மௌனமும் எமக்குக் கிடைத்தன.

அன்புச் சகோதரிகளே, எமது சங்கம் நூற்றாண்டுக்கென நிதி திரட்டுகிறது. மண்டபம் திருத்தப்பட வேண்டும். அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஓல்ட் அடிகளார் மட்டக்களப்புக்குக் கொடுத்தது பணமன்று, தம்மையே கொடுத்தார். எம்மில் மெதடிஸ்தராய் உள்ளோர் தத்தம் சேகரத்துப் போதகரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இவ்வாண்டு நாங்கள் எந்த ஊருக்குப் போகிறோம்? தலைமுறைகளாக மெதடிஸ்தர் வாழும் கல்லாறு, கல்முனை போன்ற ஊர்களிலிருந்து மாதம் ஒருநாள் இளைஞர் குழுவொன்று வாகரைப் பாதையில் வந்தால்கூட அது நல்ல தொடக்கம். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் எம் சங்கத்தில் எத்தனையோ பேர் இருக்கின்றனர். வாரத்தில் ஒரு மாலை ஒரு ஊர்ப் பிள்ளைகளுக்கென ஒதுக்க அவர்களால் முடியும். விடுமுறைக்கு வரும் வெளிநாட்டுச் சகோதரிகள் விருந்துபசாரத்துக்குப் பின் ஒருநாளை அந்தப் பயணத்துக்குக் கொடுக்கலாம். பிற சமயத்தவரான சகோதரிகளே, இது உங்களை விலக்கிவைக்கும் பேச்சன்று. வேறு நாட்டிலிருந்து வந்த ஒருவர் உங்கள் பாட்டியாருக்கும் எங்கள் பாட்டியாருக்கும் எழுத்தின் கதவைத் திறந்துவைத்தார். அந்தக் கடனை, எழுத்தெட்டாத இன்னொரு பிள்ளைக்குத் திருப்பிக் கொடுப்பதில் சமய வேறுபாடு எதற்கு?

ஓல்ட் அடிகளார் விதைத்ததன் பலனை அவர் காணவில்லை. எட்டு மாதங்களில் எதைத்தான் காண முடியும்? ஆயினும் பலனைக் கண்ட பிறகே புறப்படுவேன் என்று அவர் இருந்திருந்தால், எமது பாடசாலையும் இல்லை, எமது சங்கமும் இல்லை, இந்த மலரும் இல்லை. எமக்குக் கிடைத்திருப்பது எட்டு மாதங்களல்ல, எத்தனையோ ஆண்டுகள். மருந்துகள் உண்டு, பாதைகள் உண்டு, மொழியோ எமது தாய்மொழி. புறப்படுவது ஒன்றே மீதியாயுள்ளது.